வடக்குப் பார்த்த கோடை வீடு

1

நேற்றுக் காலை மரவீடு விற்ற கடையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் கோடை வீட்டுக்கு ஒரு வயது, வாழ்த்துகள்’ என்று பலூன் படமெல்லாம் போட்டிருந்தார்கள். மரம் உளுத்துப் போகாமல் இருக்க வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் பூசவேண்டுமாம், அதையும் அவர்களிடமே வாங்கவேண்டுமாம். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அழித்தேன். பிறகு என்ன தோன்றியதோ, குப்பையிலிருந்து மறுபடி எடுத்துப் படித்தேன்.

கோடை வீடு என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கையகலத் தோட்டத்தில், பலகையால் ஒரு சின்ன அறை செய்து நிறுத்துவார்கள். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு மேசை. வெயில் காய்வார்கள், புத்தகம் படிப்பார்கள், வீட்டில் இருப்பவர்களிடமிருந்து தப்பித்துக்கொள்வார்கள். அக்னி நட்சத்திரத்தில் வேகிற ஊரில் பிறந்த எனக்குக் கோடையைக் கொண்டாட ஒரு வீடு என்பது முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆனால் ஆசை வந்துவிட்டது. காரணம் சொல்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. இரண்டே அறை, ஏழு பேர். அப்புறம் சிதம்பரத்தில் நர்சிங் படித்தபோது விடுதியில் நான்கு பேருக்கு ஒரு அறை. கல்யாணம், வார்டு வேலை, வெளிநாடு, பிள்ளை என்று ஓடி, ஐம்பத்தெட்டு வயதுவரை நான் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்த இடம் குளியலறை ஒன்றுதான்.

கடைசியில் அதுவும் போயிற்று. என் வீட்டுக்காரர் கலியமூர்த்திக்கு மறதி நோய் வந்து மூன்று வருடம். இந்த ஊரில் பல வருடம் பஸ் ஓட்டியவர், ஒரு நாள் டிப்போவுக்குப் போகிற வழி தெரியாமல் நின்றார். அப்போதிலிருந்து என் முதுகிலேயே ஒட்டிக்கொண்டு திரிந்தார். அடுப்படிக்குப் போனால் அடுப்படி, மாடிக்குப் போனால் மாடி. குளியலறைக் கதவைத் தட்டி, “உள்ள யாரு?” என்று கேட்பார். நான்தாங்க என்றால் திருப்தியாகி, அடுத்த நிமிடம் மறுபடி தட்டுவார். நர்ஸுக்குப் பொறுமை இருக்கும் என்று எவனோ கிளப்பிவிட்டிருக்கிறான். இருந்த பொறுமையை வார்டிலேயே செலவழித்துவிட்டுத்தான் நான் வீட்டுக்கு வருவேன்.

ஆகவே எனக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது. நான் வேலைக்குப் போகிற நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ள மகள் வீட்டில் இருந்தாள். திரும்பி வந்து ஒரு மணி நேரம் எனக்கென்று கிடைத்தால் அவரை வீட்டிலேயே வைத்துச் சமாளித்துவிடலாம், எங்கேயும் கொண்டுபோய் விடவேண்டாம் என்று கணக்குப் போட்டேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் கோடை வீடு.

2

எந்த வீடு என்று தேர்ந்தெடுப்பதற்கே ஒரு மாதம் ஆயிற்று. மகள் தாரிணிக்கு இருபத்துமூன்று வயது, மாடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்ததாக வாங்கு, தெற்குப் பார்த்து வை, நாள் முழுக்க வெயில் கிடைக்கும் என்றாள். கடைக்காரரும் அதையேதான் சொன்னார். நான் கேட்கவில்லை. வெயிலைக் காசு கொடுத்து உள்ளே விடுகிற புத்தி எனக்கு எப்படி வரும்? எங்கள் திருப்பாதிரிப்புலியூர் வீடு மேற்குப் பார்த்தது. சாயங்காலம் சுவரில் முதுகு வைக்க முடியாது. அம்மா வாசலில் ஈரச்சாக்கு தொங்கவிடுவாள். வீடு கட்டினால் வடக்குப் பார்த்துதான் கட்டவேண்டும், மரத்தடியில் கட்டவேண்டும், சன்னல் சின்னதாக இருக்கவேண்டும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறினது.

அதனால் தோட்டத்துக் கோடியில், பக்கத்து வீட்டுச் செங்கல் மதிலை ஒட்டி, பெரிய மரத்துக்குக் கீழே இடம் பார்த்தேன். கதவு வடக்குப் பார்த்து. ஒரே ஒரு சின்னச் சன்னல். மதிலுக்கு அருகில் என்பதால் உயரம் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று நகராட்சி விதி இருந்தது. அதைத் தெரிந்துகொள்ள நான் பேசிய ஆபீசர்கள் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். சிமெண்டுத் தளம் போட வந்த ஆள், கதவு இந்தப் பக்கமா என்று இரண்டு முறை கேட்டான். ஆமாம் என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு வேலையைப் பார்த்தான்.

கரண்ட் இழுத்தபோது இன்னொரு காரியம் செய்தேன். கோடை வீட்டு விளக்குக்கான சுவிட்சை அடுப்படியில் வைக்கச் சொன்னேன். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் எனக்குத் தூக்கம் வராது. அடுப்படிச் சன்னல் வழியாகப் பார்த்து இங்கிருந்தே அணைத்துவிடலாம் பாருங்கள். உள்ளே உச்சியில் ஒரே ஒரு மொட்டை பல்பு.

எல்லாம் முடிந்து உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் நான் செய்த முட்டாள்தனம் புரிந்தது. இந்த ஊரில் வெயில் ஒளியவேண்டிய பொருள் இல்லை, தேடவேண்டிய பொருள். நான் வாங்கியது கோடை வீடு, நிறுத்தியது குளிர்ப்பெட்டி. நடுப்பகலில் கூட இருட்டு. மதிலில் ஈரம் கசியும், மழை பெய்தால் கூரைத் தண்ணீர் குழாயில் இறங்கிச் சளசளவென்று பின்னாலேயே ஓடும். தாரிணி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

இருந்தாலும் என்ன, கதவு இருந்தது. சால்வையைப் போர்த்திக்கொண்டு, பிளாஸ்கில் டீயோடு உட்கார்ந்திருப்பேன். யாரும் தட்டவில்லை. சும்மா இருப்பது இத்தனை சுகமா என்று ஒரு நாள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்த சுகம் ஒரு மாதம் கூட நிலைக்கவில்லை.

3

ஒரு நாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், அவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். என் நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குத்துக்காலிட்டு, அந்த மொட்டை பல்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“கரண்ட்டு இன்னும் வரல. நீ ஏன் இங்க வந்த? பூச்சி பொட்டு கெடக்கும், வூட்டுக்குப் போ.”

வயிறு எரிந்தது. உலகத்தில் எனக்கென்று இருந்தது இந்தப் பலகை அறை ஒன்று, அதிலும் வந்து உட்கார்ந்துகொண்டு என்னையே போகச் சொல்கிறாரே என்று. கையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கத்தினேன், அசையவில்லை. சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். இருட்டுகிற வரையில் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படிக்குப் போன நான், அங்கே என்னதான் செய்கிறார் பார்ப்போம் என்று சுவிட்சைப் போட்டேன். மனிதர் எழுந்தார். சுவரில் எதையோ கட்டை விரலால் அழுத்தினார். காதைக் கொடுத்துக் கேட்டார். அப்புறம் வெளியே வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து, தோட்டத்து வளைவில் நின்று குதிகாலால் மண்ணைத் தள்ளி மிதித்துவிட்டு, நேராக வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புவனகிரிக்குப் போன் போட்டேன். அங்கே என் கொழுந்தன் தட்சணாமூர்த்தி இருக்கிறார், நிலத்தைப் பார்த்துக்கொள்கிறவர். நான் சொன்னதைக் கேட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“அண்ணி, அது எங்க மோட்டார் கொட்டாய் அண்ணி. வடக்கப் பாத்த கொட்டாய், ஒரு சன்னல். அண்ணன் படிச்சதெல்லாம் அங்கதான்.”

அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. வெள்ளாற்றங்கரைப் பக்கம் அவர்களுக்குப் போர்வெல் போட்ட நிலம். அப்போதெல்லாம் மோட்டார் ஓட்டுகிற கரண்ட்டை முறை வைத்து விடுவார்கள், ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, அதிலும் நிச்சயம் கிடையாது. யாராவது ஒருவர் கொட்டகையில் காத்துக் கிடக்கவேண்டும். அதற்காக ஒரு பல்பை எப்போதும் போட்டபடியே விட்டிருப்பார்கள். பல்பு எரிந்தால் கரண்ட் வந்துவிட்டது. உடனே ஸ்டார்ட்டரை அழுத்தி, தண்ணீர் விழுகிறதா என்று பார்த்து, வாய்க்கால் வழியாக நடந்து மடை திருப்பி, வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஓடவேண்டும். பல்பு அணைகிறவரை படுக்கக்கூடாது, தூங்கினால் தண்ணீர் வீணாகிவிடும். அணைந்த பிறகுதான் ஓய்வு.

“இப்ப அந்தக் கொட்டாய் இல்ல அண்ணி, இடிச்சாச்சி. அது புடிக்காமத்தான் அவரு ஊர வுட்டே போனாரு” என்றார் கொழுந்தன்.

அது எனக்குத் தெரியும். பெண் பார்க்க வந்த அன்றைக்கே, எனக்கு நிலமும் வேண்டாம் மோட்டாரும் வேண்டாம், எங்காவது கண்காணாத இடத்துக்குப் போய்விடலாம் என்று சொன்ன மனிதர். அவருக்கு நான் இங்கிலாந்தில் அதே கொட்டகையைக் கட்டி, அதே திசையைப் பார்க்க நிறுத்தி வைத்திருக்கிறேன். தாரிணி சொன்னபடி தெற்குப் பார்த்த கண்ணாடி வீட்டை வாங்கியிருந்தால் அவர் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டார்.

4

அவருக்கு முதலில் போனது ஆங்கிலம். பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம் நாள் முழுக்க அதில் பேசிய மனிதர், ஒரே வருடத்தில் அத்தனையையும் இறக்கிவிட்டார். மிஞ்சியது புவனகிரிப் பேச்சு. தாரிணிக்கோ தமிழ் தெரியாது. பள்ளியில் பின்தங்கிவிடுவாள் என்று பயந்து வீட்டிலும் ஆங்கிலமே பேசினோம். பெருமையாகவும் இருந்தது, ஊருக்கு வந்தபோது சொந்தக்காரர்கள் முன்னால் அவளைப் பேசவிட்டு வேடிக்கை பார்த்தோம். அதன் பலன், ஒரே கூரைக்குக் கீழே அப்பாவும் மகளும் ஊமைகளாக இருந்தார்கள். அவள் அவரைப் பார்க்காமலேயே சாப்பாட்டை வைத்துவிட்டு மாடிக்கு ஓடுவாள். அவர் என்னிடம், அந்தப் பெண் யார், சம்பளத்துக்கு வருகிறதா என்று கேட்பார்.

அந்த சுவிட்சின் சூட்சுமம் தெரிந்த பிறகு நிலைமை மாறியது. விளக்கைப் போட்டால் அப்பா வருவார், சாப்பிடுவார். அணைத்தால் சோபாவில் சாய்ந்து தூங்குவார். தாரிணிக்கு அது பிடித்துப்போயிற்று. மத்தியானம் சுவிட்சைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக் கதவருகே போய் நிற்பாள். அவர் குதிகாலால் மடை கட்டுகிறபோது இவளும் பக்கத்தில் நின்று ஒரு மிதி மிதிப்பாள். அவர் சரியாக மிதித்தாய் என்று தலையாட்டுவார். இதையெல்லாம் அவளே என்னிடம் சொன்னாள். அப்பாவைப் பற்றி அவள் சிரித்துப் பேசி நான் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

சந்தோஷப்பட்டேனா? பட்டேன். கூடவே கடுப்பாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். அவருக்கு ஒரு இடம் கிடைத்துவிட்டது, அவளுக்கு ஒரு அப்பா கிடைத்துவிட்டார். நான் மட்டும் பிளாஸ்க்கோடு மறுபடி குளியலறைக்குப் போனேன். ஆனால் கோடை முழுக்க, இலையுதிர் காலம் முழுக்க வண்டி ஓடியது. எங்கேயும் கொண்டுபோய் விடவேண்டியதில்லை என்று நினைத்தேன்.

5

டிசம்பரில் ஒரு பகல். எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் போயிற்று. பூமிக்கடியில் ஏதோ வயர் பழுதாம். இந்த ஊரில் கரண்ட் போனால் ஜனங்கள் வாசலுக்கு வந்து அதிசயம் போலப் பேசிக்கொள்வார்கள். எங்கள் கடலூரில் புயலடித்து வாரக்கணக்கில் இருட்டில் கிடந்திருக்கிறோம். மெழுகுவத்தி கிடைக்காமல் அலைந்திருக்கிறோம், குடிதண்ணீருக்கு அடித்துக்கொண்டிருக்கிறோம், பிழைத்தும் இருக்கிறோம். இங்கே ஒரே ஒரு பகல் கரண்ட் போனது, எங்கள் குடும்பமே குலைந்தது.

அவர் வழக்கம்போலக் கோடை வீட்டில் இருந்தார், மேலே ஒரு பனியன் மட்டும். வெளியே புல்லெல்லாம் உறைபனி. தாரிணி சுவிட்சைப் போட்டாள், எரியவில்லை. மறுபடி மறுபடி போட்டாள். பிறகு ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் “அப்பா, வா” என்பது மட்டும்தான். அதைத்தான் சொல்லியிருக்கிறாள், கெஞ்சியிருக்கிறாள். அவர் பல்பைக் காட்டியிருக்கிறார். கையைப் பிடித்து இழுத்தபோது தள்ளிவிட்டிருக்கிறார். கம்பளியைப் போர்த்தினால் உதறியிருக்கிறார். எனக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறாள். என் போன் வார்டுக்கு வெளியே பூட்டின அலமாரியில் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அவருக்கு நடுக்கம்கூட நின்றுபோயிருந்தது. நடுக்கம் நின்றால் உடம்பு குளிரோடு போராடுவதை விட்டுவிட்டது என்று எனக்குத் தெரியும்.

பிழைத்தார். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால், அவர் வீட்டில் இருக்கத் தகுதியானவரா என்று சோதிக்க ஒரு அதிகாரி வந்தார். போன் வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர், மிகவும் மரியாதையான மனிதர். இது எந்த இடம் என்று கேட்டார்கள். கொட்டாய் என்றார் இவர். இது என்ன பருவம் என்று கேட்டார்கள். “சம்பா கதிர் வாங்கற நேரம்” என்றார். மொழிபெயர்ப்பாளர் அதைச் சரியாகத்தான் சொன்னார். அதிகாரி தப்பு என்று குறித்துக்கொண்டார். அந்த நேரத்தில் புவனகிரியில் சம்பா கதிர் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். மகளிடம், நீ தனியாக இவரைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். அவள் முடியாது என்று அழுதாள். நான் வேலையை விட்டால் வீட்டுக் கடன் கட்டமுடியாது. முதியோர் இல்லம் என்று முடிவாயிற்று.

6

இல்லம் சுத்தமாக இருக்கிறது. பணியாட்கள் நல்லவர்கள். அடித்தார்கள், பட்டினி போட்டார்கள் என்றெல்லாம் நீங்கள் நினைத்துக்கொள்ளவேண்டாம். தமிழ் தெரிந்த ஒரு ஜீவன் அங்கே கிடையாது, அவ்வளவுதான்.

அவருக்குக் கொடுத்த அறை சின்னது. ஒரு சன்னல், எதிரே சுவர். கதவுக்கு மேலே ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. தீ விபத்து ஏற்பட்டால் வழி தெரிவதற்காக வைத்தது, அணையவே அணையாது. முதல் வாரம் நான் போனபோதே கவனித்தேன், அவர் உட்காரவே இல்லை. அறையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து அறைக்கு, தரையைப் பார்த்தபடியே நடக்கிறார். திருப்பத்தில் நின்று குதிகாலால் தேய்க்கிறார். இரவெல்லாம் இப்படித்தான் என்றார்கள். உட்காருங்க என்று கெஞ்சினேன். “கரண்ட்டு இருக்குதே, எப்புடி ஒக்காற்றது?” என்றார். கண்கள் குழிவிழுந்து கிடந்தன. குதிகால் புண்ணாகியிருந்தது.

நிர்வாகியிடம் போய் விளக்கை அணைக்கச் சொன்னேன். வார்டில் வேலை செய்கிற எனக்குத் தெரியாதா, முடியாது என்பார்கள் என்று. முடியாது என்றார்கள். துணியால் மூடக்கூடாதா? கூடாது, விதி. வேறு அறை? எல்லா அறையிலும் அதே விளக்கு. மருந்து கொடுத்துத் தூங்கவைக்கலாம் என்றார்கள். கொடுத்தார்கள், அந்த மயக்கத்திலும் எழுந்து நடந்து விழுந்தார். கண்ணுக்குக் கட்டுகிற பட்டை வாங்கிப் போனேன், பிய்த்து எறிந்தார்.

ஒரு நாள் எனக்கே தாங்காமல், அவரைக் கட்டிலில் இருத்தி, இரண்டு கையாலும் அவர் கண்ணைப் பொத்தினேன்.

“கரண்ட்டு போயிடுச்சிங்க. இனிமே நாளைக்குத்தான் வரும். படுங்க.”

உடம்பு அப்படியே தளர்ந்தது. “அப்பாடா” என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு நான் தேம்பித் தேம்பி அழுதேன், கையை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் விழித்துக்கொள்வார். பார்வையாளர் நேரம் முடிகிறவரை அப்படியே நின்றேன். தினமும் அதுதான் இப்போது என் வேலை. வார்டிலிருந்து நேராக அங்கே போகிறேன். நான் கையை வைத்திருக்கிற நேரம்தான் அவர் தூங்குகிற நேரம். ஆள் பாதியாகிவிட்டார். இது இன்னும் எத்தனை காலத்துக்கு என்று எனக்குத் தெரியும், நான் நர்ஸ்.

7

மின்னஞ்சல் வந்த நேற்று எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, நெடுநேரம் நிற்கமுடியவில்லை. தாரிணி நானும் வருகிறேன், நான் பொத்துகிறேன் என்றாள். இதுவரை அங்கே வந்தாலும் கதவோடு நிற்பவள். கரண்ட் போன அன்று அவள் கூப்பிட்டு அவர் வராதது அவளுக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. காரில் போகும்போது, நீ அவரிடம் சொல்கிற அந்த வாக்கியத்தை எனக்குக் கற்றுக்கொடு என்றாள். வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

அறையில் அவர் நடந்துகொண்டிருந்தார். நான் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தேன். தாரிணி பின்னாலிருந்து அவர் கண்ணைப் பொத்தினாள்.

“கரண்ட்டு போயிடுச்சி அப்பா. படுங்க.”

உச்சரிப்பு என்னவோபோல இருந்தது. ஆனால் அவர் சாய்ந்தார். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கொஞ்ச நேரம் கழித்து, அவள் கைக்குக் கீழேயிருந்து அவர் மெல்லக் கேட்டார்.

“நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?”

தாரிணி என்னைப் பார்த்தாள். அப்பா என்ன கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதில் எப்படிச் சொல்லவேண்டும் என்று கேட்டாள், சொல்லிக்கொடுத்தேன். அவர் காதருகே குனிந்து, “சாப்பிட்டேன் அப்பா” என்றாள்.

அவர் அதைக் கொஞ்சம் யோசித்தார்.

“செரி, நேரமாவுது. வூட்டுக்குப் போம்மா. ஒங்க அப்பா தேடுவாரு.”

இப்போது என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நேரமாகிவிட்டதாம், உன்னை வீட்டுக்குப் போகச் சொல்கிறார் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.